கூடவே வரும் குரல்: கணினித் திரைவாசிப்பான் பற்றி எங்கள் பக்கத்தில் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில், கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கணினி வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் பார்வையற்றவர்கள், அல்லது பார்வை குறைந்துகொண்டே வருகிறவர்கள். தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். எனக்கும் ஒன்பது வயதிலிருந்து பார்வை இல்லை. நாங்கள் கணினியையும் போனையும் பயன்படுத்துவது திரைவாசிப்பானால், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளால். அதைப் பற்றி மாணவர்கள், அவர்களைக் கூட்டிவரும் வீட்டார், போனில் விசாரிக்கும் கடைக்காரர்கள் என எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை சில உண்டு. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

திரைவாசிப்பான் என்றால் திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துவிடுமா?

இல்லை. இது பலருக்கும் இருக்கும் தப்பான எண்ணம். நீங்கள் கண்ணால் பார்ப்பதுபோல அது திரையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயலியும் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். இது ஒரு பொத்தான், இதன் பெயர் 'அனுப்பு'. இது ஒரு தேர்வுப்பெட்டி, இன்னும் டிக் போடவில்லை. இப்படி. திரைவாசிப்பான் அந்தப் பட்டியலைப் படித்துத்தான் பேசுகிறது.

நான் டேப் கீயைத் தட்டுகிறேன். "அனுப்பு, பொத்தான்" என்கிறது. மறுபடி தட்டுகிறேன். "பொத்தான்" என்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டாவது பொத்தானுக்குச் செயலியை எழுதியவர் பெயர் வைக்கவில்லை. திரையில் குப்பைத்தொட்டிப் படம் அழகாகத் தெரியும். எனக்கு அது பெயரில்லாத பொத்தான். தட்டிப் பார்க்கலாமா, தட்டினால் எது அழியும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

புதிதாக வாங்கின கணினியில் இது இருக்குமா? யாரையாவது வரச்சொல்லி ஏற்ற வேண்டுமா?

இருக்கும். யாரும் வர வேண்டாம். விண்டோஸில் இருப்பது நரேட்டர். கன்ட்ரோல், விண்டோஸ் கீ, என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசும். மேக்கில் வாய்ஸ்ஓவர், அதற்குக் கமாண்டும் எஃப்5-உம். குரோம்புக்கில் குரோம்வாக்ஸ், அதற்குக் கன்ட்ரோல், ஆல்ட், இசட். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஆர்க்கா, அதற்கு விண்டோஸ் கீ, ஆல்ட், எஸ். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக். அதில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்திருக்க வேண்டும். முதல் தடவை உறுதி கேட்கக்கூடும். ஐபோனில் சிரியிடம் வாய்விட்டுச் சொன்னாலே வாய்ஸ்ஓவர் ஆன் ஆகிவிடும்.

கடையில் கணினி வாங்கும்போதே அங்கே இந்த கீக்களை அழுத்திப் பேச வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இது எப்போதிருந்து இருக்கிறது? எங்கள் காலத்தில் கேள்விப்பட்டதே இல்லையே.

திரைவாசிப்பான் பழைய விஷயம். கூடவே இலவசமாக வருவதுதான் அதற்குப் பிறகு வந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் என்ற கணித அறிஞர் 1986-இல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினிகளுக்கு ஒன்றை உருவாக்கினார். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற பைக் பந்தய வீரர் தொடங்கிய நிறுவனத்தின் ஜாஸ் என்ற திரைவாசிப்பான், 1995-இல் விண்டோஸுக்கு வந்தது. அப்போதெல்லாம் இவற்றைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஜாஸின் விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. கணினியைவிடக் குரலுக்கு அதிகம் செலவழித்த குடும்பங்கள் உண்டு.

விண்டோஸ் 2000-இல் நரேட்டர் வந்தது. ஆனால் முழு வேலைக்கு இது போதாது, வேறொன்று தேவைப்படும் என்று அதைத் திறந்ததும் வரும் பெட்டியிலேயே எழுதியிருந்தார்கள். ஆப்பிள்தான் 2005-இல் மேக்கின் டைகர் பதிப்பில் வாய்ஸ்ஓவரை முழுமையான கருவியாகக் கூடவே கொடுத்தது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது வழுவழுக் கண்ணாடியையும் விரலால் தடவிப் படிக்கலாம் என்று ஆயிற்று. ஆண்ட்ராய்டிலும் அதே ஆண்டு டாக்பேக் வந்தது. நரேட்டர் உருப்படியானது 2016, 2017-க்குப் பிறகுதான்.

கூடவே வருவதில் அப்படி என்ன உசத்தி? தனியாகப் போட்டாலும் பேசத்தானே போகிறது?

2006-இல் எங்கள் வீட்டுக்கு முதல் கணினி வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. அதில் இருந்த நரேட்டர் மெனுவை மட்டும் ஆங்கிலத்தில் முனகும். ஒரு பக்கத்தை ஒழுங்காகப் படிக்காது. ஜாஸ் போட்டுத்தர மதுரையிலிருந்து அத்தான் வர வேண்டியிருந்தது. அதுவரை நான்கு நாள் அம்மா அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். யாருக்காக வாங்கினார்களோ அவனால் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தான் வந்து போட்டதும் சோதனைப் பதிப்புதான். நாற்பது நிமிடம் ஓடும், அப்புறம் கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும்.

போன வருஷம் புதுவயலிலிருந்து ஒரு மாணவி பிரிக்காத பெட்டியோடு வகுப்புக்கு வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். பெட்டியைப் பிரித்து, சார்ஜர் துளையை விரலால் தேடிச் சொருகி, பவர் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். பிறகு அந்த மூன்று கீக்களையும் அழுத்தினாள். குரல் வந்தது. நாடு, கீபோர்டு, வைஃபை, கடவுச்சொல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அவளே முடித்தாள். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது அவள் அம்மாவை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். அம்மாவும் திரும்பிக்கொண்டார்கள். அந்த ஐந்து எழுத்தோ பத்து எழுத்தோ அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உசத்தி என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். திண்ணை, முகப்பு, பட்டாலை எல்லாம் வீடு கட்டும்போதே சேர்த்துக் கட்டியவை. பிற்பாடு தேவைப்பட்டு இறக்கிய தகரச் சாய்ப்பு மழைக்கு எங்கே ஒழுகும்? தகரத்திலும் இல்லை, சுவரிலும் இல்லை, இரண்டும் சேரும் இடத்தில். வெளியிலிருந்து வரும் திரைவாசிப்பானுக்கும் அதுதான் சிக்கல். விண்டோஸ் மாறும்போதெல்லாம் அந்தச் சேருமிடத்தை மறுபடி பூச வேண்டும். கூடவே வளரும் கருவிக்கு அந்தத் தொல்லை குறைவு.

சரி, அப்படியென்றால் ஜாஸும் என்விடிஏவும் இனி வேண்டாமா?

வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அமெரிக்காவின் வெப்எயிம் அமைப்பு திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களிடம் அவ்வப்போது கணக்கெடுக்கிறது. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் எடுத்த கணக்கில் 1,539 பேர் பதில் சொன்னார்கள். முதன்மையாகப் பயன்படுத்துவது ஜாஸ் என்றவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ என்றவர்கள் 37.7 சதவீதம். நரேட்டரையும் அவ்வப்போது தொடுகிறோம் என்றவர்கள் நூற்றுக்கு 37 பேர் இருந்தார்கள். ஆனால் அதுதான் முதன்மை என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். காரைக்குடியில் கேட்டால் ஜாஸ் அவ்வளவு இருக்காது, என்விடிஏதான் முன்னால் நிற்கும். ஏனென்றால் அது இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழ் மெனுவும் உண்டு.

ஏன் இப்படி? எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நுணுக்கம் தேவை. என் மாணவர் ஒருவர் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறார். எக்செலில் ஒரு கட்டத்துக்குப் போனால் மேல்வரிசைத் தலைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 4,500 என்பது வரவா பற்றா என்றே தெரியாது. அவருடைய அலுவலகத்துச் செயலிக்கு ஏற்றமாதிரி ஜாஸுக்கு ஸ்கிரிப்ட் எழுதலாம், என்விடிஏவுக்குத் துணைநிரல் எழுதலாம். உலகத்தில் யாரோ ஒரு பார்வையற்ற நிரலர் தன் எரிச்சலுக்காக எழுதியது நமக்கும் பயன்படும். அந்தச் சுதந்திரம் கூடவே வரும் கருவிகளில் குறைவு.

போட்டி இல்லாமல் நரேட்டர் இவ்வளவு முன்னேறியிருக்கும் என்றும் நான் நம்பவில்லை. விண்டோ-ஐஸ் என்று இன்னொரு நல்ல திரைவாசிப்பான் இருந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் வாங்கினவர்களுக்கு இலவசம் என்றார்கள், 2017-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு கடை மூடினால் தெருவுக்கே நஷ்டம். எங்கள் வகுப்பில் முதல் நாள் நரேட்டர், இரண்டாம் நாள் அதைக்கொண்டே என்விடிஏவை இறக்கி நிறுவுதல். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மௌனமானால் மற்றொன்று காப்பாற்றும்.

தமிழ் பேசுமா?

பேசும். ஆனால் கேட்டால்தான் பேசும்.

வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, "சார், மாமா அனுப்பின ஃபைலில் ஒன்றுமே இல்லை, காலியாக இருக்கிறது" என்றான். நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கக் கடிதம். முழுக்கத் தமிழ். அவன் கணினியில் இருந்தது ஆங்கிலக் குரல் மட்டும். அதற்குத் தமிழ் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று தெரியாது, அதனால் ஒவ்வொரு வரியையும் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. மாமா இரண்டு பக்கம் எழுதியும் அவனுக்கு அது வெற்றுத்தாளாக இருந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இது. விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் பேச்சுப் பகுதியை இறக்கினால் வள்ளுவர் என்ற குரல் வரும். ஆப்பிளில் 2022-இலிருந்து வாணி என்ற குரல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் உண்டு. என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் என்ற இயந்திரக் குரலில் தமிழ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இணையமே வேண்டாம். மற்றவற்றில் முதலில் ஆங்கிலத்தில் மெனுக்களைத் தாண்டித்தான் தமிழை அடைய முடிகிறது. ஆங்கிலம் தெரியாத ஓர் ஆச்சிக்கு அந்தப் படி ஏறமுடியாத படி. கணினியின் முதல் கேள்வியே தமிழில் காதில் விழ வேண்டும். வருங்காலத்தில் எது வந்தாலும் வராவிட்டாலும் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

குரல் வந்த பிறகும் சிக்கல் இருக்கிறது. தமிழில் ஒரே 'ப' பல்லுக்கும் பஸ்ஸுக்கும் வருகிறது. நமக்கு எது எப்படி என்று தெரியும். குரலுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். காற்றின் 'கா'வும் காந்தியின் 'கா'வும் அப்படித்தான். 'ரூ.' என்பதை ரூபாய் என்று படிக்காமல் 'ரூ' என்று நிறுத்திவிடும் குரல்களும் உண்டு. ஒரு வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி ஆங்கில எழுத்துமாக வந்தால், குரல் நடுவில் ஆள் மாறி மாறிப் பேசும். என்விடிஏவில் பேச்சகராதி இருக்கிறது. தப்பாகப் படிக்கும் சொல்லை அதில் போட்டு, எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதிவைக்கலாம். என் அகராதியில் பாதி நம் ஊர்ப் பெயர்கள்தான்.

இன்னொன்று, பாமினி. அச்சகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டுகிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல்லே எனக்கு "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று கேட்கும். ஒரு முழுக் கடிதத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டினால் இந்தத் தொல்லையே கிடையாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. பாமினியில் இருக்கும் பழைய கோப்புகளை இலவச மாற்றியில் போட்டால் ஒரு நிமிடத்தில் மாறிவிடும். தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் அதேபோல மௌனம்தான். இந்தக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா அத்தனை பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவை இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பழைய புத்தகங்களைப் படமாக்கிச் சேமிப்பது பெரிய பணி. படத்தை எழுத்தாகவும் மாற்றிவைத்தால்தான் அவை என் காதுக்கு எட்டும்.

இனிமையான குரல்கள் வந்துவிட்டனவே, ஏன் இன்னும் அந்த இயந்திரக் குரலை ஓடவிடுகிறீர்கள்?

வேகத்துக்காக. மனிதர் பேசுவதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்கப் பழகிவிட்டேன். ஈஸ்பீக் அந்த வேகத்திலும் எழுத்தை விழுங்காது. கீயைத் தட்டியதும் பேசும், அடுத்ததைத் தட்டியதும் சட்டென்று நிறுத்தும். இயல்பான குரல்கள் கதை கேட்க அருமை. ஆனால் பல நேரங்களில் கால் விநாடி தயங்கிப் பேசுகின்றன. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கீ தட்டுகிறவனுக்கு அந்தக் கால் விநாடி பெரிய விஷயம். இனிமையும் வேகமும் சேர்ந்த தமிழ்க் குரலுக்காகக் காத்திருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுமாமே?

சொல்கிறது. எனக்கு இதில் உண்மையான சந்தோஷம் இருக்கிறது. 2020-இல் ஐபோனின் வாய்ஸ்ஓவர் பெயரில்லாத பொத்தான்களைத் திரையின் தோற்றத்தை வைத்தே அடையாளம் காணத் தொடங்கியது. 2024-இல் டாக்பேக்கில் கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினி சேர்ந்து படங்களை விவரிக்க ஆரம்பித்தது. 2025-இலிருந்து சில புதுக் கணினிகளில் நரேட்டர் கணினிக்குள்ளேயே படத்தை ஆராய்ந்து சொல்கிறது. படம் வெளியே போவதில்லை. வீட்டுப் படங்களும் வங்கித் தாள்களும் வெளியே போகாமல் இருப்பது எங்களுக்கு முக்கியம். முதன்முதலில் என் தங்கை மகளின் படத்தை அது விவரித்தபோது, அவள் பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாள் என்றது. யாரும் எனக்கு அதுவரை சொல்லாத சேதி.

ஆனால் ஜாக்கிரதையும் தேவை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை ஒன்று படமாக வந்தது. ஒரு செயலியிடம் கொடுத்தேன். பத்திரிகையின் ஓரத்து மயில், பிள்ளையார், தங்க நிறப் பார்டர் என்று அழகாக வர்ணித்தது. ஊர் ஆத்தங்குடி என்றது. பத்திரிகையில் இருந்தது இளையாத்தங்குடி. இரண்டும் வேறு வேறு ஊர்கள் என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னதால் தப்பித்தேன், இல்லாவிட்டால் தரைக்குப் பூக்கல் செய்யும் ஆத்தங்குடியில் போய் இறங்கியிருப்பேன்.

இந்தக் கருவிகள் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில்லை. திருத்தமான குரலில் தப்பாகச் சொல்கின்றன. அதனால் தேதி, நேரம், தொகை, மருந்துச் சீட்டு இவற்றை இன்னொரு வழியிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பத்திரிகை அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படத்துக்குக் கீழே ஊர், தேதி, நேரம் என ஒரு வரி தட்டிவிடுங்கள்.

வாயால் சொன்னால் கணினியே எல்லா வேலையும் செய்துவிடும் காலம் வருகிறது. அப்புறம் திரைவாசிப்பான் எதற்கு?

சமைத்துப் போட ஆள் இருந்தால் ருசி பார்க்க நாக்கு வேண்டாமா? "அக்காவுக்கு ஐயாயிரம் அனுப்பு" என்று நான் சொல்லலாம். அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் ஐயாயிரம் இருக்கிறதா ஐம்பதாயிரம் இருக்கிறதா என்று நானே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்வது திரைவாசிப்பான். தவிர, பஸ்ஸில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து வங்கி விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

எங்கள் கடைக்கு வெப்சைட் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு பக்கத்துக்குப் போனேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, நம் ஊர்ப் பெருமை. எனக்குக் கேட்டது: "ஐஎம்ஜி கோடு 0034, படம். ஐஎம்ஜி கோடு 0035, படம்." அப்புறம் விலை. எந்த நிறத்துக்கு எந்த விலை என்று தெரியவில்லை. அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கப் போனவன் வாங்காமல் திரும்பினேன்.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "சேலை" என்று மட்டும் எழுதாதீர்கள். "அரக்கு நிற உடல், மஞ்சள் கட்டங்கள், அகலமான கறுப்புக் கரை, பருத்தி" என்று கடைக்கு வருகிற ஆச்சியிடம் விரித்துக் காட்டிச் சொல்வதுபோல எழுதுங்கள். பொத்தான்களுக்குப் பெயர் வையுங்கள். தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் காட்டாமல், தலைப்பு என்றே குறியிடுங்கள். நாங்கள் ஹெச் என்ற ஒரே கீயைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் பக்கத்தைப் புரிந்துகொள்கிறோம். படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டு என்று பூட்டுப் போடாதீர்கள், போட்டால் ஒலியிலும் ஒரு வழி கொடுங்கள். செய்து முடித்ததும் நரேட்டரை ஆன் செய்து, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் கடையில் நீங்களே ஒரு சேலை வாங்கிப் பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிக் கணக்குக்கு முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் முறையால் தள்ளப்பட்டவர்கள் போட்ட வழக்கு அது.

எங்களிடம் பழைய கணினிதான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதே?

2025 அக்டோபர் 14 அன்று நின்றது. கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால் லினக்ஸ் போட்டு ஆர்க்காவைப் பயன்படுத்தலாம். இலவசம், இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய ஏற்பாடு போய் வேலண்ட் என்ற புதியது வந்துகொண்டிருக்கிறது. பாதுகாப்புக்காக அது ஒரு செயலி மற்றொன்றை எட்டிப்பார்க்க விடாது. எட்டிப்பார்ப்பதுதான் திரைவாசிப்பானின் வேலையே. இதைச் சரிசெய்ய நியூட்டன் என்ற பெயரில் புது வடிவமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. முன்பு நரேட்டரில் வேலை செய்த மேட் கேம்பெல் என்ற, பார்வைக் குறைவுள்ள நிரலர்தான் அதை எழுதத் தொடங்கியவர்.

அப்படியானால் வருங்காலத்தில் எதைக் கண்டு பயப்படுகிறீர்கள்?

கதவு சாத்தப்படுவதைக் கண்டு. 2024 ஜூலையில் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நின்றன. அதன் பிறகு வெளியாரின் மென்பொருளை ஆழமாக உள்ளே விடக்கூடாது என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. நியாயம்தான். ஆனால் ஜாஸ், என்விடிஏ போன்ற திரைவாசிப்பானும் வெளியாள்தான். அது எல்லாக் கட்டங்களையும் படிக்கிறது, எல்லாக் கீக்களையும் கேட்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் திருடனுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஐபோனில் இப்போதே வாய்ஸ்ஓவரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஒரு புதுப்பிப்பில் அது தடுமாறினால் அடுத்த புதுப்பிப்பு வரும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். கணினியிலும் அந்த நிலை வரக்கூடாது. கூடவே வரும் கருவிக்கு என்னென்ன தெரியுமோ அவ்வளவும், அனுமதி பெற்ற வெளிக் கருவிக்கும் தெரிய வேண்டும்.

எங்க ஆச்சிக்கு எழுபத்திரண்டு வயது. கண் நீர் அழுத்தத்தால் பார்வை போய்விட்டது. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். பள்ளத்தூரிலிருந்து வரும் ஓர் ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. கணினி வேண்டாம், போனில் தொடங்குங்கள். முதலில் தமிழ்க் குரலை நீங்களே இறக்கிப் போட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு டாக்பேக்கை ஆன் செய்து கையில் கொடுங்கள். குரலின் வேகத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். ஒரு விரலால் தடவினால் படிக்கும், இரண்டு தடவை தட்டினால் திறக்கும். முதல் வாரத்துக்கு இந்த இரண்டு மட்டும் போதும். மற்றதெல்லாம் பிறகு.

அவர்கள் தடுமாறும்போது போனைப் பிடுங்கி நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். பள்ளத்தூர் ஆச்சி முதல் நாள் செய்தது ஒரே காரியம். போனைத் தடவி மணி என்ன என்று கேட்டார்கள். மூன்றாம் வாரம் மலேசியாவில் இருக்கும் மகன் தட்டி அனுப்பியதைத் தாமே திறந்து கேட்டுவிட்டு, அதற்கு என்ன பதில் போடுவது என்று யோசிக்க வேண்டும், எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்றார்கள்.